சைக்கிளை விட்டு இறங்குதல்

அந்த வளைவு வந்ததும் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் தோட்டத்துச் சாலை அது. இடதுபக்க மேட்டில் ஒரு பங்களா. நான் பார்த்த காலத்தில் கூரை சரிந்து, தூண்களில் கொடி ஏறி, படிக்கட்டில் மாடு படுத்திருக்கும். கடைசி வெள்ளைக்காரத் துரை அதைக் காலி செய்து முப்பது வருடமாவது ஆகியிருக்கும். கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டாகிவிட்டது. லயத்தில் பாதி வீடுகளில் ஆளில்லை. ஆனாலும் தாத்தா இறங்குவார். தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நூறடி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். பங்களாவின் வேலி முடிகிற இடத்தில் மறுபடி ஏறி மிதிப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நானும் இறங்கி நடக்க வேண்டும்.

சின்ன வயதில் எனக்கு அது ஒரு விளையாட்டு. பதினான்கு வயதில் அது அவமானமாக மாறியது. 1999ஆம் வருடப் பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து என்னோடு ஒரு நண்பன் வந்திருந்தான். "ஏன்டா ஒங்க தாத்தா எறங்குறாரு?" என்று கேட்டான். செயின் கழன்றுவிட்டது என்று பொய் சொன்னேன். அன்று இரவு தாத்தாவிடம் கத்தினேன்.

"அங்க யாருமே இல்ல தாத்தா. மாடுதான் படுத்திருக்கு. மாட்டுக்கா எறங்குறீங்க?"

தாத்தா பதில் சொல்லவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து பாட்டிதான் சொன்னார்: "கால் பழகிப்போச்சுய்யா. நீ சொன்னா கேக்குறதுக்கு அதுக்குக் காதா இருக்கு?"

அந்த வாக்கியம் எனக்குப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

*

நான் இப்போது ஈப்போவில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தாத்தாவின் மொழியில் சொன்னால் கிராணி. என் வேலையில் பாதி, ஏதாவது ஓர் அலுவலகத்தின் முகப்பில் போய் நிற்பது. பாரம் கொடுப்பது, கையெழுத்து வாங்குவது, விளக்கம் சொல்வது. அங்கேதான் என் பிரச்சினை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தால் என் குரல் இறங்கிவிடும். இரண்டு கையும் தானாக வயிற்றுக்கு முன்னால் வந்து கோர்த்துக்கொள்ளும். எதிரில் நாற்காலி காலியாக இருக்கும், உட்கார மாட்டேன். சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமல் திரும்பி வருவேன். காருக்குள் வந்து உட்கார்ந்ததும் கோபம் வரும். வீட்டுக்குப் போனதும் அந்தக் கோபத்தை மனைவியின் மீது இறக்குவேன். அவள்தான் என்னை ஓர் ஆலோசகரிடம் அனுப்பினாள்.

அந்த அம்மா நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பயிற்சி சொன்னார். பயம் ஒளியச் சொன்னால் முன்னால் போ. வெட்கம் தலையைக் குனியச் சொன்னால் நிமிர்ந்து பார். துக்கம் படுக்கச் சொன்னால் எழுந்து நட. கோபம் கையை ஓங்கச் சொன்னால் ஒரு எட்டு பின்னால் போய் மெதுவாகப் பேசு. உணர்ச்சி மாறட்டும், பிறகு நடக்கிறேன் என்று காத்திருக்காதே. நடத்தையை முதலில் மாற்று, உணர்ச்சி பின்னால் வரும். "எதிர்ச்செயல்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காக உருவாக்கிய 'டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி' என்ற சிகிச்சையில் வருகிற ஒரு பயிற்சி இது. அவருடைய முக்கியமான நூல்கள் 1993இல் வெளிவந்தன. தானே இளம் வயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011இல்தான் வெளியே சொன்னார். அந்தச் சிந்தனைக்கு அவருக்கும் முன்னால் ஒரு மூதாதை உண்டு. வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நாம் துக்கப்படுவதால் அழவில்லை, அழுவதால்தான் துக்கப்படுகிறோம் என்கிற மாதிரி ஒரு வாதத்தை வைத்தார். உடம்பு முந்திக்கொள்கிறது, அதை உணர்வதற்குத்தான் உணர்ச்சி என்று பெயர் என்றார். அப்படியே முழுதாக இன்று யாரும் அதை ஏற்பதில்லை. ஆனால் உடம்புக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான பாதை ஒருவழிப் பாதை இல்லை என்பது நிலைத்துவிட்டது.

தமிழ் படித்தவனுக்கு இது அவ்வளவு புதிதாக இருந்திருக்கக் கூடாது. தொல்காப்பியம் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுகிற இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்றுதானே பெயர்? மெய்யில் படுவது. அங்கே அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வருகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பயப்படுவது போல ஆள்கிறவனுக்கும் பயப்படுவது. அந்த நான்காவதை வாசித்தபோது மேட்டு பங்களா ஞாபகம் வந்தது.

*

தாத்தாவின் சைக்கிளுக்கு வரலாற்றில் ஓர் இடம் இருப்பதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். 1941 கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், இந்தியத் தொழிலாளர்கள் முதன்முறையாகப் பெரிய அளவில் சேர்ந்து வேலையை நிறுத்திய வருடம் அது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். அவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தவர்.

தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியல் மலாயா வரலாறு படிப்பவர்களுக்குப் பழக்கமானது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. கொடுமைக்கார மேற்பார்வையாளர்களை நீக்குதல். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி. மருத்துவ வசதி. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல். கள்ளுக்கடைகளை மூடுதல். சங்கம் வைக்க உரிமை. உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. இவற்றோடு இன்னொன்று: துரைமாருக்கும் ஆசிய அதிகாரிகளுக்கும் முன்னால் தொழிலாளர்கள் சைக்கிளில் ஏறிப்போக அனுமதி.

வாசித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. கூலி, பள்ளி, மருந்து, அப்புறம் சைக்கிள். அப்புறம் சிரிக்க முடியவில்லை. கூலியை உயர்த்துவது எவ்வளவு முக்கியமோ, சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதும் அவ்வளவு முக்கியம் என்று அந்த மனிதர்கள் நினைத்திருக்கிறார்கள். தங்களுக்குள் இருந்த பயம் எங்கே தயாராகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்தில் பயம் காற்றில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. அதற்கு அன்றாடப் பயிற்சி இருந்தது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பது. பெயர் கூப்பிட்டால் குரல் கொடுப்பது. துரை எதிரில் வந்தால் பாதையை விட்டு ஓரத்துக்கு இறங்குவது. பாட்டி சொன்ன பட்டியலில் இன்னும் இருந்தன. குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். ஆண்கள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட வேண்டும். தலைத்துண்டு இடுப்புக்கு வர வேண்டும். சைக்கிள் வைத்திருப்பவன் இறங்க வேண்டும். "கோயில்ல சாமிக்குச் செய்யிறது எல்லாம் துரைக்கும் செஞ்சோம்" என்றார் பாட்டி.

இதை ஒரு மனிதன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, முப்பது வருடம் செய்தால் என்ன ஆகும்? என் ஆலோசகர் கொடுத்த பயிற்சியை அப்படியே தலைகீழாகச் செய்ததுதான் அது. உடம்பைக் குனிய வைத்தால் மனம் தானாகக் குனியும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு எந்த உளவியலாளரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் கிள்ளான்காரர்கள் அதை உடம்பிலிருந்தே கழற்றப் பார்த்தார்கள். தலைத்துண்டுக்குப் பதிலாகக் காந்தி தொப்பி போட்டார்கள். துரை எதிரில் வந்தபோது இறங்காமல் மிதித்தார்கள். பயம் போன பிறகா மிதித்தார்கள்? இருக்க முடியாது. முதல் தடவை மிதித்தவனுக்கு முழங்கால் நடுங்கியிருக்கும். ஆனால் அவனுக்குப் பின்னால் இன்னும் பத்து சைக்கிள்கள் வந்தன. அந்தப் பத்து சைக்கிள்கள்தான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கதை நல்லபடியாக முடியவில்லை. 1941 மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் மீண்டும் வெடித்தது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நாதனையும் நாடுகடத்தினார்கள். அதே டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். சைக்கிளில்தான் வந்தான் என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தனை காலம் இவர்களை இறங்கச் சொன்ன துரைமார்கள் அப்போது காரேறிச் சிங்கப்பூருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

*

நடத்தையை முதலில் மாற்று என்ற பேச்சு பேராக்கில் அதற்கும் முன்பே கேட்டிருக்கிறது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். அதே வருடம் பிப்ரவரியில்தான் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்திருந்தது. பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவது அங்கே எடுத்த தீர்மானங்களில் ஒன்று. சுயமரியாதை என்கிற உணர்ச்சியை முதலில் மனதில் வளர்த்துக்கொண்டு பிறகு பட்டத்தை விடு என்று அந்த இயக்கம் சொல்லவில்லை. பட்டத்தை விடு, ஐயர் இல்லாமல் கல்யாணம் செய், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு என்றது. கையும் வாயும் காலும் செய்யக்கூடிய காரியங்கள். அவற்றைச் செய்தவர்களுக்கு மனம் பிறகு வந்து சேர்ந்திருக்கும். சிலருக்கு வராமலும் போயிருக்கும்.

போர்க்காலத்தில் வேறொரு பாடம் நடந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களுக்கு ஜான்சி ராணி படை. பால்வாளி தூக்கிய பெண்கள் துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள். குனிந்து சலாம் போட்டவர்கள் நெஞ்சை நிமிர்த்தி "ஜெய் ஹிந்த்" என்றார்கள். அந்தப் படை போரில் வென்றதா என்பது வேறு விஷயம். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பாத காலமும் அதுதான். தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர். ஆகவே அந்த வருடங்களை வீர வரலாறாக மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஓர் அணிவகுப்பில் இரண்டு வருடம் நிமிர்ந்து நடந்த முதுகு, 1945இல் தோட்டத்துக்குத் திரும்பியபோது பழையபடி வளைய மறுத்தது. வெள்ளைக்காரத் துரைகள் திரும்பி வந்தபோது அவர்கள் விட்டுப்போன ஆட்கள் அங்கே இல்லை.

அந்த மறுப்பு முதலில் போய் நின்ற இடங்களில் ஒன்று கள்ளுக்கடை.

கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அரசாங்க அனுமதியோடு நடந்தது. சம்பளக் காசு கைக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போக வசதியான ஏற்பாடு. பகலில் பட்ட அவமானத்தை ராத்திரியில் கரைக்கிற மருந்தாகவும் அது இருந்தது. கோபத்துக்கு அங்கே ஒரு வழித்தடம் உண்டு. பாட்டி அதை விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: "துரை கிராணிய ஏசுவான். கிராணி கங்காணிய ஏசுவாரு. கங்காணி ஆம்பளைங்கள ஏசுவாரு. அவங்க கள்ளு குடிச்சிட்டு வந்து எங்கள அடிப்பாங்க. நாங்க யார அடிக்கிறது? பிள்ளைங்களத்தான்."

கெடாவில், பீடோங்குக்குப் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் 1946, 47இல் தொண்டர் படை உருவானது. காக்கி உடை, அணிவகுப்பு, கட்டுப்பாடு எல்லாம் ராணுவ பாணியில் இருந்தன. கள்ளுக்கடை முன்னால் நின்று குடிக்க வருகிறவர்களைத் தடுப்பது அதன் முக்கியமான வேலை. 1947இல் போலீஸ் அதை அடக்கியது, உயிர்ப்பலியும் நடந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு முரட்டு முகமும் இருந்தது. குடித்தவர்களைத் தண்டித்திருக்கிறார்கள். நடத்தையை மாற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கும் அடுத்தவன் பிடரியைப் பிடித்துச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. உணர்ச்சி வேகத்தில் அந்த எல்லை சீக்கிரம் அழிந்துவிடும்.

எங்கள் தோட்டத்திலும் போருக்குப் பிறகு இளைஞர்கள் கள்ளுக்கடை முன்னால் நின்றார்கள் என்று பாட்டி சொன்னார். தாத்தா 2006இல் இறந்துபோன பிறகுதான் இதைச் சொன்னார். "ஒங்க தாத்தாவும் நின்னாரு. அப்ப அவருக்குப் பத்தொம்பது வயசு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் கள்ளத் தொடல. சாயங்காலம் ஆனா கை நடுங்குமாம். கோலிக்குண்டு மாதிரி கல்லு ரெண்டு எடுத்து வச்சிக்கிட்டு உருட்டிக்கிட்டே லயத்தச் சுத்தி நடப்பாரு. அப்பல்லாம் சைக்கிள்ல எறங்கவும் மாட்டாரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன பாட்டி சொல்றீங்க? தாத்தா எறங்க மாட்டாரா?"

"அப்ப எறங்க மாட்டாரு. அவங்க அஞ்சாறு பேரு. மணி அடிச்சிக்கிட்டே போவாங்க."

"அப்புறம் ஏன் எறங்குனாரு?"

"அவசரகாலம் வந்துச்சுல்ல" என்றார் பாட்டி.

*

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஆங்கிலேயத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு வருடம் எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று சொல்லலாம்.

அவசரகாலம் கம்யூனிஸ்டுகளை மட்டும் தேடவில்லை. குரல் உயர்த்திய எல்லாரையும் தேடியது. தொழிற்சங்கங்கள் நொறுங்கின. மலாயாத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதே நாட்களில் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்த்தார்கள். யாராவது ஒரு விரலை நீட்டினால் போதும், ஆள் காணாமல் போவான்.

மணி அடித்துக்கொண்டு போன ஐந்தாறு பேரில் இரண்டு பேரைக் கொண்டு போனார்களாம். ஒருவர் திரும்பி வந்தார். அடுத்த நாள் காலையில் தாத்தா அந்த வளைவில் சைக்கிளை விட்டு இறங்கினார். அப்போது பாட்டி அவருக்குக் கழுத்தை நீட்டி ஆறு மாதம்.

இதைக் கேட்டபோது எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. மாட்டுக்கா இறங்குகிறீர்கள் என்று கேட்டவன் நான். தாத்தா இறங்கியது அடிமைப் புத்தியால் என்று நினைத்திருந்தேன். அவர் இருபது வயதில் யோசித்து எடுத்த முடிவு அது. ஒளிந்துகொள்ள வேண்டிய காலத்தில் ஒளிந்துகொண்டார். வீட்டில் புதுப்பெண்டாட்டி இருந்தாள், அம்மா இருந்தாள். அண்ணன் ஏற்கெனவே சயாமில் போய்விட்டான்.

எதிர்ச்செயலைப் பற்றி வாசித்தபோது நான் வேகமாகக் கடந்துபோன ஒரு நிபந்தனை உண்டு. எதிராகச் செயல்படுவதற்கு முன்னால், அந்த உணர்ச்சி நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். புலி நிஜமாகவே நிற்கிறது என்றால் முன்னால் போ என்று எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார். அங்கே பயம் சரியான செய்தியைச் சொல்கிறது. ஓடு, அல்லது ஆள் சேர்த்துப் புலியை விரட்டு. புலி போய் முப்பது வருடம் கழித்தும் முழங்கால் நடுங்கினால்தான் எதிர்ச்செயல் வேண்டும்.

இந்த நிபந்தனையை வைத்துப் பார்த்தால் எங்கள் வரலாறு எனக்கு வேறுமாதிரி தெரிகிறது. 1941இல் கிள்ளான்காரர்களின் பயம் பொய்ப்பயம் இல்லை, அவர்கள் மீது குண்டு பாய்ந்தது. அப்படிப்பட்ட பயத்தைத் தனி மனிதனின் தைரியம் தீர்க்காது. அதனால்தான் அவர்கள் தொப்பி போட்டதோடும் மிதித்ததோடும் நிற்காமல் கோரிக்கைப் பட்டியலும் வைத்தார்கள். 1948இல் தாத்தாவின் பயமும் நிஜம். அங்கே ஆள் சேர்க்க வழியில்லை, ஆகவே இறங்கினார். ஆனால் 1999இல் பங்களாவில் மாடுதான் இருந்தது. அப்போது மிஞ்சியிருந்தது பாட்டி சொன்ன அந்தக் கால் மட்டும்தான். 1941இலும் 1948இலும் 1999இலும் அவரவர் செய்தது ஒரே மாதிரி இறங்குவதும் ஏறுவதும்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் வேறு.

இன்று நம் கையில் வந்து சேர்கிற சுயமுன்னேற்றப் புத்தகங்களில் இந்த வித்தியாசம் கிடையாது. நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, புன்னகை செய், எல்லாம் உன் நடத்தையில்தான் இருக்கிறது என்கின்றன. பாதி உண்மை. வேலையிடத்தில் மேலாளர் தினமும் கத்துகிறார் என்றால் உன் தோளை விரிப்பது மட்டும் தீர்வாகாது. பக்கத்து மேசைக்காரரிடம் பேச வேண்டும். மறுபுறம், எல்லாம் அமைப்பின் குற்றம், அது மாறும் வரை நான் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் மனைவியிடம் கத்துவதும் எனக்குத் தெரியும். அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். பாட்டி விரல்விட்டு எண்ணிய சங்கிலியின் கடைசிக் கண்ணியாக.

நிஜமான பயத்தோடு என்ன செய்வது என்பதற்கும் எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அவசரகாலம் தணிந்த வருடங்களில் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலையும் போகும், லயத்து வீடும் போகும். சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த வீ.தி. சம்பந்தன் அப்போது அமைச்சர். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது உண்மையிலேயே தோட்டங்களை வாங்கியது. அந்தச் சங்கத்தால் எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் தோட்டத்தையும் அது வாங்கவில்லை. ஆனால் மாதாமாதம் பத்து வெள்ளியை எடுத்து வைத்த கை, அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று வெறுமனே பிசைந்துகொண்டிருக்கவில்லை. தாத்தாவும் சேர்ந்திருந்தார். பழுப்பேறிய அந்தப் பங்குப் பத்திரம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு இருந்தது. மேட்டு பங்களாவைப் பார்த்து இறங்கிய அதே மனிதர் ஒரு தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆகப் பணம் கட்டியிருக்கிறார். இரண்டும் அவர்தான்.

*

போன வருடம் அந்தச் சாலையில் காரில் போனேன். பங்களா இல்லை. மேட்டைச் சமப்படுத்தி மாடி வீடுகள் கட்டுகிறார்கள். அந்த வளைவில் என் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. வளைவு என்பதால்தான் அழுத்தினேன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆலோசகர் கொடுத்த பயிற்சியைச் செய்கிறேன். முதலில் சோதனை: எதிரில் இருப்பவரால் எனக்கு நிஜமாக என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பாரத்தைத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். பிறகு உடம்பு: கையைக் கோர்க்காதே. நாற்காலி இருந்தால் உட்கார். முழு வாக்கியமாகப் பேசு. வீட்டுக்குள் நுழையும் முன் காரிலேயே ஐந்து நிமிடம் இரு. கேட்க எளிதாக இருக்கிறது. முதல் தடவை நாற்காலியை இழுத்த சத்தம் எனக்குப் பெரட்டு மணி மாதிரி கேட்டது. உட்கார்ந்துவிட்டேன். கை இரண்டும் தொடை மேல் இருந்தன, தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததைச் சொன்னேன். குரல் நடுவில் உடைந்தது, ஆனாலும் கடைசி வரை சொன்னேன்.

அந்த அதிகாரி எதையும் கவனிக்கவில்லை. பாரத்தில் விடுபட்ட ஒரு முத்திரையைக் காட்டி, "நாளைக்கு வாங்க" என்றார்.

1941இல் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமல் போனதை ஒரு நாடே கவனித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்ததை யாருமே கவனிக்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் தாத்தாவின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. மறுநாள் முத்திரையோடு போனேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.